பல ஆண்டுகளாகக் கவிதை மட்டுமே எழுதி வருகிறேன். இப்போது தன்வரலாறு எழுத விரும்புகிறேன். ஏற்காட்டில் தங்கிப் பயிலும் சிறு எழுத்துப் பட்டறை எனக்கு உதவுமா?

உதவும் என்பதே என் பதில். ஆனால் அது உண்மையிலேயே சிறிய பட்டறையாக, எட்டுப் பத்துப் பேருக்கு மேற்படாததாக, எல்லோரும் இரவிலும் அங்கேயே தங்குவதாக இருக்க வேண்டும். காலையில் சேலத்திலிருந்து மலையேறி, சொற்பொழிவுகளைக் கேட்டு, சான்றிதழ் வாங்கிக்கொண்டு மாலையில் இறங்கிவிடும் நிகழ்ச்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேர்வராயன் மலையில் நடக்கும் இத்தகைய கூடுகைகளில் முதலில் பங்கேற்பாளனாகவும் இப்போது நடத்துபவர்களுக்குத் துணையாகவும் இருந்து வருவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கவிஞர்களுக்குத் தன்வரலாறு கடினமாக இருப்பதற்கு அவர்களுடைய மொழித் தேர்ச்சியே பெரும்பாலும் காரணமாகிறது. நெடுநாள் கவிதை எழுதியவர், வீட்டில் நேர்ந்த ஒரு பெரிய இழப்பை நான்கு வரிகளில் படிமமாக்கிவிடுவார்; படிமம் அழகாக அமைந்தவுடன், அதற்குப் பின்னால் இருந்த நிகழ்ச்சி அவர் நினைவிலேயே மங்கத் தொடங்கிவிடும். உரைநடை வாசகருக்கோ அது போதாது. அது எந்த ஆண்டு, வீட்டில் யார் யார் இருந்தார்கள், கடன் யாரிடம் வாங்கப்பட்டது, மறுநாள் காலையில் அடுப்பு எரிந்ததா என்றெல்லாம் அவர் அறிய விரும்புவார். பாரதியார் 1910-இல் வெளியிட்ட தன் சரிதையைச் செய்யுளில்தான் எழுதினார். அதிலும், தம்மை ஆங்கிலக் கல்வி பயில நெல்லைக்கு அனுப்பியதில் தந்தைக்கு ஆயிரம் செலவானதைத் தொகையோடு சொல்லியிருக்கிறார். அந்தத் தொகையைப் படித்த பிறகுதான் அந்தக் கல்வியின் மீது அவருக்கிருந்த சினம் எவ்வளவு நியாயமானது என்பது எனக்கு விளங்கியது.

சேலம் அம்மாப்பேட்டையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த கவிஞர் ஒருவர் (அவருடைய இசைவோடுதான் இதைச் சொல்கிறேன்) தன் தந்தையின் குழித்தறியை, அதாவது நெய்பவர் காலை வைத்து மிதிக்கத் தரையில் குழி தோண்டி அமைக்கும் கைத்தறியை, பற்றிய கவிதையோடு வந்திருந்தார். தறியின் ஓசை நின்ற நாளில் தந்தையின் பேச்சும் நின்றுபோனதாக அது முடியும். நல்ல கவிதை. அதை அவர் உரைநடையாக விரித்தபோதும் அதே ஓசையும் அதே மௌனமும்தான் திரும்பத் திரும்ப வந்தன. மறுநாள் மாலை தேநீருக்குப் பின் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே எல்லோரும் நடந்துகொண்டிருந்தபோது, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆசிரியை ஒருவர், "தறியை வித்த பிறகு அந்தக் குழியை என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார். மூடவே இல்லை என்றார் அவர். தந்தை மூட விடவில்லையாம். குழிக்குக் குறுக்கே பலகையைப் போட்டு, அதன்மேல் புத்தகத்தை விரித்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொண்டுதான் அவரும் தங்கையும் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அடியில் ஈரம் ஊறிப் பாதம் சில்லிட்டுப்போகும் என்பதால், அம்மா பழைய சாக்கை மடித்துப் போட்டு வைப்பாராம்.

அன்றிரவே அவர் எழுத உட்கார்ந்துவிட்டார். தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் கண்டு) சுற்றிய பாட்டிக்குத் தனியாகக் கூலி கிடையாது என்பது, தெருவில் பாவு (நெசவுக்கான நீளவாட்டு நூல்) நீட்டியிருக்கும்போது தூறல் விழுந்தால் அக்கம்பக்கத்தார் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவது, நூல் கொடுத்த முதலாளி கணக்குத் தீர்க்க வரும் கிழமையில் வீட்டில் நிலவும் பதற்றம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. முந்தைய வரைவில் தந்தையின் மௌனத்தைப் பற்றி இருந்த பத்திகளை அவரே அடித்துவிட்டார்.

இத்தகைய கேள்வி வகுப்பறையில் எளிதில் எழுவதில்லை. சேர்ந்து சாப்பிட்டு, ஒரே தாழ்வாரத்தில் துணி உலர்த்தி, ஒருவர் வீட்டுக் கதையை இன்னொருவர் கேட்டுப் பழகிய பிறகுதான் அப்படிக் கேட்கும் உரிமை வருகிறது. நாங்கள் காலை உணவு வரை யாரும் பேசாமல் எழுதுவது என்றும், முற்பகலில் இருவருடைய பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு நிதானமாகப் படிப்பது என்றும் வைத்திருக்கிறோம். வளர்ந்த வீட்டின் வரைபடத்தை வரைந்து, யார் எங்கே படுத்தார்கள் என்று குறிப்பது நல்ல பயிற்சி. ஒரு பக்கம் முழுவதும் உவமையே இல்லாமல் எழுதச் சொல்வது அதைவிடப் பயன் தருவது. கவிஞர்கள் சிலர் இதற்குக் கோபித்துக்கொள்கிறார்கள் என்றாலும், நான் இதை ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை.

'நான்' என்று எழுதக் கூசுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஏற்காட்டுச் சாலையில் இன்றும் நிற்கும் நுழைவு வளைவுக்குரிய மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனத்தில் பணியாற்றிய கண்ணதாசன், பின்னாளில் தன்வரலாறான 'வனவாசம்' எழுதியபோது தன்னை 'அவன்' என்று படர்க்கையில் வைத்துத்தான் எழுதினார். முதல் வரைவுக்கு அந்த இடைவெளி பெரிதும் உதவும். அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல்லின் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் 'என் கதை'யையும் மலையேறுவதற்கு முன் படித்துவிடுங்கள். கவிஞர் ஒருவர் அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டு தன் வாழ்க்கையைச் சொல்லும் விதத்தை அதில் பார்க்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே வாசிக்கப்படுவது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது, படம் எடுக்கவோ வாட்ஸ்அப் குழுவில் பகிரவோ கூடாது, விரும்பாதவர் வாசிக்க மறுக்கலாம் என்ற விதிகள் எழுத்திலேயே இருக்க வேண்டும். நாம் எழுதுவது நம் கதை மட்டுமாக இருப்பதில்லை. அக்காவின் திருமணம் முறிந்ததையோ சித்தப்பாவின் குடியையோ எழுதும்போது, அவர்கள் அதே ஊரில் அதே தெருவில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அண்மையில் நேர்ந்த மரணத்தைப் பற்றி எழுதவே வருகிறேன் என்று சொல்பவர்களிடம், சிறிது காலம் கழித்து வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். பட்டறையை நடத்துபவர் மனநல ஆலோசகர் அல்லர்.

காலத்தைப் பொறுத்தவரை, மே மாதம் வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்திருக்கும் வார நாட்கள் எனக்குப் பிடித்தமானவை. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், தலைசுற்றல் உள்ளவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மாலையில் குளிரும் என்பதால் ஸ்வெட்டர் அவசியம்.

எழுதிய பக்கங்களை முன்கூட்டியே அனுப்பச் சொல்கிறார்களா, திருத்திய வரைவைப் பின்னர் படித்துக் கருத்துச் சொல்வார்களா என்றும் கேளுங்கள். சொல்ல மாட்டார்கள் என்றால், உடன் தங்கியவர்களில் இருவரோடு பேசி, மாதம் ஒருமுறை ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதற்கு நீங்களே ஏற்பாடு செய்துகொண்டு மலையிலிருந்து இறங்குங்கள்.