நெஞ்சில் விளக்கு இல்லாத அல்ட்ராமேன்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவின் கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் நானும் என் பத்து வயது மகனும், விண்வெளியிலிருந்து வரும் ராட்சத வீரன் அல்ட்ராமேனைப் பற்றிய ஜப்பானியப் படமான 'ஷின் அல்ட்ராமேன்' பார்த்தோம். எங்கள் ஊரில் அல்ட்ராமேன் என்றால் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற பேதமே கிடையாது. மகன் உப்பின் இப்பின் கார்ட்டூனில் வந்த அல்ட்ராமேன் ரிபுட்டைப் பார்த்து வளர்ந்தவன். நான் பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்த தலைமுறை.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றம்தான். பாதிப் படம் ஆபீஸ் மீட்டிங். ஒருவர் பேசியதைச் சப்டைட்டிலில் படித்து முடிப்பதற்குள் மூன்று பேர் பேசிவிடுகிறார்கள். கேமரா நாற்காலிக்கு அடியிலிருந்து பார்க்கிறது, கீபோர்டுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறது. சண்டை வந்தால் அல்ட்ராமேன் பொம்மை மாதிரி விறைத்துக்கொண்டு பறக்கிறார். இன்றைக்கு இவ்வளவு கிராஃபிக்ஸ் வசதி இருக்கிறதே, அந்த முகத்தில் கொஞ்சம் உணர்ச்சி காட்டியிருக்கக் கூடாதா? மகனோ முதல் சண்டையிலேயே, “அப்பா, நெஞ்சுல லைட் இல்ல. இது டூப்ளிகேட்” என்று சொல்லிவிட்டான்.

நீங்கள் பார்த்தீர்களா? முதல் எண்ணம் என்ன?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பார்த்தேன். நண்பர் வீட்டில், ஒரே ஒருமுறை. அதனால் இதை முதல் எண்ணமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் முடிவையும் சொல்லப்போகிறேன்; இன்னும் பார்க்காத வாசகர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் கேள்வியைவிட மகனின் கேள்வி கூர்மையானது. அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1966இல் சுபுராயா நிறுவனத்தின் தொடருக்காக அல்ட்ராமேனின் உருவத்தை அமைத்தவர் தோரு நரிடா. அடிப்படையில் சிற்பி. அவர் வரைந்த உருவத்தில் நெஞ்சு விளக்கு கிடையாது. முதுகில் துடுப்பு கிடையாது. கண்களில் ஓட்டையும் கிடையாது. மூன்றும் படப்பிடிப்பின் அவசரத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. உடையின் ஜிப்பை மறைக்கத் துடுப்பு. உள்ளே இருக்கும் ஆளுக்கு வழி தெரிய ஓட்டை. வந்தவர் கிளம்பும் நேரம் நெருங்கிவிட்டது என்று பார்க்கிற பிள்ளைகளுக்குப் புரிய விளக்கு. அந்த 'பீப் பீப்' சத்தத்தைக் கேட்டு நகம் கடிக்காத குழந்தை ஜப்பானில் இருந்திருக்காது. நரிடாவுக்கு மட்டும் அது கடைசிவரை பிடிக்கவில்லை. பிற்காலத்தில் அவர் தீட்டிய ஓவியம் ஒன்றில் அல்ட்ராமேன் விளக்கில்லாமல்தான் நிற்கிறார். 'உண்மை, நீதி, அழகு இவற்றின் அவதாரம்' என்பது அதன் தலைப்பு.

2022 மே மாதம் வெளிவந்த இந்தப் படத்தின் கதையை எழுதிய ஹிடேயாகி அன்னோவும் இயக்கிய ஷின்ஜி ஹிகுச்சியும் அந்த ஓவியத்துக்குத்தான் திரும்பிப் போனார்கள். கணினியில் உருவாகும் உடலுக்கு ஜிப் எதற்கு? ஓட்டை எதற்கு? சக்தி குறைந்தால் உடலின் சிவப்புக் கோடுகள் பச்சையாகின்றன, அவ்வளவுதான். உங்கள் மகன் டூப்ளிகேட் என்றது நரிடாவின் கண்ணுக்கு அசல். அவர் 2002இல் இறந்துவிட்டார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. முகம் ஏன் அசையவில்லை?

அசைக்க ஒருமுறை முயன்றிருக்கிறார்கள், 1966இலேயே. முதலில் செய்த முகமூடியின் வாய் அசைகிற மாதிரி ரப்பரில் வார்க்கப்பட்டது. சரிவரவில்லை. வாயோரம் சுருக்கம் விழுந்ததுதான் மிச்சம். தொடர் போகப்போக முகமூடியை இறுக்கமாக்கிவிட்டார்கள். அந்த உதட்டில் நிற்கும் மெல்லிய சிரிப்பு பழைய கிரேக்கச் சிலைகளில் இருக்கிற சிரிப்பு. எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று சொல்ல முடியாது.

ஜப்பானியருக்கு அசையாத முகம் புதிதும் அல்ல. நோ என்ற மரபு நாடகத்தில் முகமூடி ஒன்றுதான். நடிகர் தலையைச் சற்றே நிமிர்த்தினால் அந்த முகம் மலர்கிறது, சற்றே தாழ்த்தினால் வாடுகிறது. நிமிர்த்துவதை 'ஒளியூட்டல்' என்றும் தாழ்த்துவதை 'மேகம் கவிதல்' என்றும் பொருள்படும் சொற்களால் குறிக்கிறார்கள். மரத்தில் செதுக்கியது அப்படியே இருக்கிறது, அதன்மேல் விழும் வெளிச்சம்தான் மாறுகிறது. அல்ட்ராமேன் உடைக்குள் இருந்த நடிகர் பின் ஃபுருயாவும் உடலால்தான் நடித்தார். சண்டைக்கு முன் முதுகை வளைத்துக் குனிந்து நிற்பாரே, அது ஜேம்ஸ் டீன் ஒரு படத்தில் கத்திச் சண்டைக்கு நிற்கும் நிலையிலிருந்து பிடித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். எழுபதைத் தாண்டிய அதே ஃபுருயாவை அழைத்து வந்து இந்தப் படத்தின் கணினி உருவத்துக்கு அசைவு கொடுக்க வைத்தார்கள். அசைவு கொடுத்த இன்னொருவர் அன்னோ.

அன்னோ என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம் இருக்கிறது. ஒசாகாவில் கலைக் கல்லூரி மாணவராக இருந்த காலத்து நண்பர்களோடு சேர்ந்து அவர் 1983இல் ஒரு சிறு அல்ட்ராமேன் படம் எடுத்தார். முகமூடி கிடையாது. அல்ட்ராமேன் நிறத்தில் ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கலைந்த தலையும் தன் சொந்த முகமுமாக மினியேச்சர் நகரத்துக்கு நடுவே அவரே நின்றார். முதல் நிமிடம் விழுந்து விழுந்து சிரிப்போம். அப்புறம் சிரிப்பு அடங்கி, அடுத்து என்ன ஆகும் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவோம், ஏனென்றால் அந்த ஆள் கொஞ்சமும் கேலி செய்யவில்லை. முதல் தொடர் வந்தபோது அவருக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பையன் வீட்டு முற்றத்தில் அல்ட்ராமேனாக நிற்பானே, அந்த நிலை அறுபது வயதிலும் உடம்பில் அப்படியே இருக்கிறது.

நீங்கள் குறைப்பட்ட 'விறைத்துக்கொண்டு பறத்தல்' இதே வகை. பழைய தொடரில் பறக்கும் காட்சிகளுக்குக் கம்பியில் தொங்கவிட்ட ஒரு சிறு பொம்மையைப் பயன்படுத்தினார்கள். பொம்மைக்கு முழங்கால் மடங்காது. கிராஃபிக்ஸில் மடக்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஆனாலும் மடக்கவில்லை. கபோரா என்ற கைஜூ, அதாவது ராட்சத மிருகம், வரும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். அணுக்கழிவுக் கிடங்கை நோக்கி நிலத்தைத் துளைத்துக்கொண்டு வருகிறது. அல்ட்ராமேன் வானத்திலிருந்து விறைத்தபடியே சுழன்று வந்து உதைக்கிறார். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் அடுத்து அந்த மிருகம் கதிர்வீச்சை உமிழும்போது அவர் விலகவில்லை. நெஞ்சைக் கொடுத்து வாங்கிக்கொண்டு நிற்கிறார். தன் கதிரை ஏவி அதை வெடிக்கவைத்தால் ஊரெல்லாம் நஞ்சாகிவிடும் என்பதால் கைகலப்பிலேயே கொன்று, உடலைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போய்விடுகிறார். இதற்குமேல் முகத்தில் என்ன காட்ட வேண்டும்? புருவத்தை நெரித்திருந்தால் எனக்கு எழுந்து போகத் தோன்றியிருக்கும்.

அதே கபோராவைப் பற்றி ஒரு வேடிக்கை. 1965இல் தோஹோ நிறுவனம் ஒரு படத்துக்காகப் பரகான் என்ற மிருகத்தின் ரப்பர் உடையைச் செய்தது. சுபுராயா நிறுவனம் அதை இரவல் வாங்கி, தலையையும் முதுகையும் மாற்றி மாற்றி, பகோஸ், நெரொங்கா, கபோரா என்று பல மிருகங்களாக ஓட்டியது. ஏழை வீட்டில் அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற கதைதான். புதிய படத்தில் இந்த மூன்றையும் தேடிப்பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். மூன்றுக்கும் உடல் ஒன்றுபோல இருப்பதற்குக் கதையில் காரணமும் உண்டு: வேற்றுக்கிரகத்தார் பூமியில் விட்டுப்போன உயிராயுதங்களாம். சிக்கனத்துக்குப் புராணம் எழுதிய ஒரே படம் இதுவாகத்தான் இருக்கும்.

ஆபீஸ் மீட்டிங் பற்றிய உங்கள் அலுப்பில் எனக்கும் பங்கு உண்டு. இதே இருவரின் 'ஷின் காட்ஸில்லா'வில் அந்த மீட்டிங்குகள்தான் நகைச்சுவையும் பயமும். அங்கே முடிவெடுக்கத் தெரியாத ஒரு அரசாங்கம் இருந்தது, அதற்கு வெளியே ஒரு நகரம் எரிந்துகொண்டிருந்தது. இங்கே ஐந்து பேர் கொண்ட ஒரு சின்னக் குழு. அவர்கள் எல்லாவற்றையும் உடனே புரிந்துகொண்டு உடனே விளக்கிவிடுகிறார்கள். பழைய தொடரின் நான்கைந்து கதைகளை அடுத்தடுத்துத் தைத்திருப்பதால் தையலும் தெரிகிறது. நாற்காலிக்கடிக் கோணங்கள் அகியோ ஜிசோஜிக்கு வணக்கம். பழைய தொடரில் சில பகுதிகளை இயக்கியவர் அவர். பொருட்களின் இடுக்கு வழியாக மனிதரைப் பார்ப்பவர். இங்கே அதையே ஐஃபோன்களை மூலைக்கு மூலை வைத்துச் செய்திருக்கிறார்கள். பத்து நிமிடம் நன்றாக இருந்தது. பிறகு கேமரா எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

அசாமி என்ற பெண் பாத்திரத்தை நடத்திய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மசாமி நகசாவா நல்ல நடிகை. அவரை ராட்சத உருவமாக்கிக் கீழிருந்து படம் பிடிப்பதும், அவர் உடலின் வாசனையை வைத்து ஒரு காட்சி அமைப்பதும் அறுபதுகளுக்குச் செலுத்திய மரியாதை என்று சிலர் வாதிடலாம். துடுப்பையும் ஓட்டையையும் துணிந்து கழற்றியவர்கள் இதையும் கழற்றியிருக்கலாம்.

மெஃபிலாஸ் வரும்போது படம் நிமிர்ந்து உட்கார்கிறது. கோட் சூட் போட்ட வேற்றுக்கிரகவாசி. முகவரி அட்டையை இரு கையாலும் நீட்டுகிறார், பழமொழி சொல்லிவிட்டு அது தனக்குப் பிடித்த சொல் என்கிறார். அவரும் மனித உருவில் இருக்கும் அல்ட்ராமேனும் ஒரு சின்னச் சாராயக்கடையில் அருகருகே உட்கார்ந்து மனித இனத்தின் எதிர்காலத்தைப் பேரம் பேசுகிறார்கள். எழும்போது, பில்லை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொள்வோமா என்று கேட்கிறார் பூமியை வாங்க வந்தவர். கோஜி யமமோட்டோவின் முகத்தில் புன்னகை குறையவே இல்லை. இந்தப் படத்தில் முகம் நன்றாக அசைகிறவன்தான் நம்பக் கூடாதவன் என்பதைக் கவனித்தீர்களா?

அல்ட்ராமேன் ஏன் மனிதர்மேல் பற்று வைத்தார் என்பதும் முகத்தில் தெரிவதில்லை. அவர் முதன்முதலாகப் பூமியில் இறங்கிய அதிர்ச்சியில் சிதறிய கற்களிலிருந்து ஒரு குழந்தையை மறைத்துக்கொண்டு கமினகா என்ற மனிதன் சாகிறான். பெரிய உயிர் சின்ன உயிருக்காக ஏன் சாக வேண்டும்? அவருக்குப் புரியவில்லை. அவன் உடலுக்குள் புகுந்து, நூலகத்தில் உட்கார்ந்து லெவி ஸ்ட்ராஸ் படிக்கிறார். காட்டில் வாழும் மக்களை மானிடவியலாளர் படித்த மாதிரி நம்மைப் படிக்கிறார். தகுமி சைடோ அந்தப் பாத்திரத்தைக் கண்ணிமைக்காமல் செய்திருக்கிறார். மனிதன் முகத்தையே முகமூடியாக்கிவிட்டார்.

முடிவுக்கு வருகிறேன். 1967 ஏப்ரலில் வந்த கடைசிப் பகுதியில் செட்டன் என்ற மிருகத்திடம் அல்ட்ராமேன் தோற்று விழுந்தார். செட்டனைக் கொன்றது மனிதர்கள். அது ஒரு தலைமுறைக் குழந்தைகளின் முதல் துக்கம் என்பார்கள். புதிய படத்தில் தோற்பதற்கு முன்பே அவர் ஒரு யுஎஸ்பியை விட்டுச்செல்கிறார். அல்ட்ராமேன் இருக்கும்போது நம் அறிவியல் எதற்கு என்று கைவிட்டுவிட்ட இளம் இயற்பியலாளன் அதைத் திறந்து, உலகத்து விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிக்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் மூடிய அறையில் விஆர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காற்றில் கையை ஆட்டும் ஒருவன்தான் தெரிகிறான். பிறகு ஒன்றுமில்லா வெளியில் இரண்டு அசையாத முகங்கள் பேசிக்கொள்கின்றன. மனிதர்களை இவ்வளவு பிடித்துப்போய்விட்டதா என்று அவர் இனத்தவரான மற்றவர் கேட்க, அல்ட்ராமேன் தன் உயிரைக் கமினகாவுக்குக் கொடுத்துவிடுகிறார். கண் விழிப்பவனின் முகத்தை நமக்குக் காட்டவில்லை. அவன் கண் வழியாக, மேலே குனிந்து பார்க்கும் நண்பர்களின் முகங்கள்தான் தெரிகின்றன. வந்துவிட்டாயா என்ற தொனியில் ஒரு சொல். உடனே திரை இருள்கிறது. நீங்கள் கேட்ட உணர்ச்சி முழுக்க அந்த முகங்களில் இருக்கிறது.

உங்கள் பக்கத்து நாட்டுச் சமாச்சாரம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1974இல் சுபுராயா நிறுவனமும் ஒரு தாய்லாந்து நிறுவனமும் சேர்ந்து எடுத்த படத்தில் அனுமார் அல்ட்ரா சகோதரர்களோடு சேர்ந்து கைஜூக்களை அடித்து நொறுக்குகிறார். தாய்லாந்தின் கோன் நாட்டிய முகமூடி போன்ற முகம் அவருக்கு, அதுவும் அசையாது. குழந்தைகளோடு பார்க்க ஏற்றதா என்றால் கொஞ்சம் யோசியுங்கள், அனுமார் அதில் மகா கோபக்காரர்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். அவன் தேடிய டூப்ளிகேட் அல்ட்ராமேன் படத்தில் நிஜமாகவே வருகிறான், இரவில், நகரத்தை இடித்துக்கொண்டு. அவனுக்கும் நெஞ்சில் விளக்கு கிடையாது. அப்போது எது அசல் என்று மகன் எப்படிக் கண்டுபிடித்தான்? கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.