கஷ்டகாலத்தில் விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது?

"வீட்டில் ஒன்று மாற்றி ஒன்றாகக் கஷ்டம். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை. விசுவாசத்தை விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். என்ன கஷ்டம் என்று எழுதவில்லை. ஆனாலும் ஒன்றை ஊகிக்க முடிகிறது. "உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் இன்னும் விடுதலை வரவில்லை" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் உங்களோடு சேர்ந்து ஜெபித்தவர்தான் சொல்லியிருப்பார். அதே பேச்சை வருஷக்கணக்கில் கேட்டவள் என்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை இருந்தது, அது சிறுநீரகத்தில் கொண்டுபோய் விட்டது. முகம் வீங்கி, கால் வீங்கி, இரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு ஏறிக்கொண்டே போய், இனி டயாலிசிஸ்தான், மிஷின் வைத்துத்தான் இரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு ஊசி போட வசதியாகக் கையில் இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டார்கள். வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு 4 மணி நேரம். போக வர பஸ் நேரத்தையும் சேர்த்தால் அந்த நாள் முழுக்கப் போய்விடும். காப்பீட்டுத் திட்டத்தில் செலவு பெருமளவு குறைந்தது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சம்பாதிக்கிற ஆள் படுத்துவிட்டால் அரிசிக்கு எந்தத் திட்டம் இருக்கிறது? ஆட்டோவை விற்றோம். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தேன்.

இந்த நோயைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். மே மாத வெயிலில் ஒரு பெரிய மனிதர் அரை டம்ளர் தண்ணீருக்காகக் குழந்தை மாதிரி கெஞ்சுவார், நாம் இல்லை என்று சொல்ல வேண்டும். பொட்டாசியம் ஏறிவிடும் என்று இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. காயை வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்கலாம். மிஷினிலிருந்து எழுந்திருக்கும்போது காலில் நரம்பு சுண்டி இழுத்து அவர் போடும் சத்தத்தில் எனக்கு ஜெபமும் வராது, அழுகையும் வராது.

அந்த நிலைமையில்தான் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்து ஜெபித்தார். அதுவரை சரி. அப்புறம், "சுகமாகிவிட்டாய், விசுவாசித்தால் இனி அந்த மிஷினுக்குப் போகாதே" என்றார். கூட்டம் அல்லேலூயா என்றது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு நமக்கு முறை, காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். முறையை விட்டால் நுரையீரலில் நீர் கோக்கும், பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம் என்று வார்டில் நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். "இந்த அம்மாவுடைய அவிசுவாசம்தான் தடையாக நிற்கிறது" என்றார் ஊழியக்காரர். மறுவாரமே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அது பேச்சாகிவிட்டது. முன்னோர் சாபம் இருக்கலாம், வீட்டில் அறிக்கையிடாத பாவம் இருக்கலாம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் ஊழியக்காரர்களுக்கு எதிரி என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஜெபத்தால் சுகமானோம் என்று சாட்சி சொல்கிறவர்களை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். எங்கள் சேகரத்து ஐயர், அதாவது சபைப் போதகர், வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டு, ஒரு உபதேசமும் பண்ணாமல் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அவரும் ஊழியக்காரர்தான்.

அந்த ஆத்திரத்தில்தான் நான், எல்லாவற்றையும் இழந்து நோயிலும் விழுந்த யோபுவைப் பற்றி வேதத்தில் உள்ள யோபு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். சின்ன வயதிலிருந்து 'பொறுமையுள்ள யோபு' என்றே கேட்டிருக்கிறோம். வாசித்துப் பாருங்கள், மூன்றாம் அதிகாரத்திலேயே தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதற்கப்புறம் பக்கம் பக்கமாகக் கடவுளோடு வழக்காடுகிறான். நண்பர்கள்தான் ஒழுங்காகப் பேசுகிறார்கள். நீ பாவம் செய்திருப்பாய், மனந்திரும்பு, எல்லாம் சரியாகும் என்கிறார்கள். என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்த நண்பர்களைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். அந்த வசனத்தைப் பென்சிலால் அழுத்திக் கோடு போட்டேன். புலம்பினவன் பக்கம்தான் கர்த்தர் நின்றார்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். வார்த்தை வரவில்லையென்றால், உங்கள் கோபமும் கேள்வியுமே ஜெபம் என்று அவரிடம் கொண்டுபோங்கள். சங்கீதம் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் ஆரம்பிக்கிறது. சங்கீதம் 88 இன்னும் கடினமானது. மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் முடிவுக்கு வரும்போதாவது ஒரு நம்பிக்கை வார்த்தை வரும், இதில் அதுவும் கிடையாது. நண்பர்கள் எல்லாரும் விலகிப்போனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் சேர்த்துத்தான் வேதம் என்று நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதும் சங்கீதம் 22இன் முதல் வரிதான். ஆண்டவரே கேட்ட கேள்வியை நீங்கள் கேட்டால் அவிசுவாசம் ஆகுமா? டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து இந்தச் சங்கீதங்களைத்தான் வாசித்தேன், வேறு எதுவும் என் வாயில் வரவில்லை.

இன்னொன்றும் உதவியது. எங்கள் ஆராதனை முறைமையில் அச்சடித்த ஜெபங்கள் உண்டு. புத்தகத்தைப் பார்த்து ஜெபிக்கிறவர்கள், ஆவி இல்லாதவர்கள் என்று கேலி செய்வார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போய் நிற்கத்தான் சத்து இருந்தது. நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள், நானும் உதட்டை அசைத்தேன். சில வாரம் அதுகூட இல்லை. எனக்கும் சேர்த்து அவர்கள் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெஞ்சில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். கழுத்தில் சிலுவையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஒருவர், "உங்களுக்கு என்னம்மா, வெளிநாட்டுப் பணம் வந்துரும்" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்த பணம் எல்லாம் சபையார் காணிக்கைக் கவரில் போட்டுத் தந்ததும், வட்டிக்கு வாங்கினதும்தான். நாங்கள் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதி உரிமை கிடையாது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அதைத் திருத்தினார்கள், எங்களுக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் என்று சான்றிதழ் தருகிறார்கள். ஊரில் எங்களை நடத்துகிற விதம் அந்தச் சான்றிதழைப் பார்த்து மாறவில்லை. வெளிநாட்டுப் பணத்துக்காக மதம் மாறினார்கள் என்று சொல்கிறவர்கள், விசுவாசத்தை விடாமல் இருப்பதற்கு எங்கள் பிள்ளைகள் காலேஜ் கவுன்சிலிங்கில் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுகம் கிடைக்காவிட்டால் விசுவாசம் இல்லை என்று சொல்கிறவர்களிடம் டோனாவூரைப் பற்றிக் கேளுங்கள். எங்கள் மாவட்டம்தான். அயர்லாந்திலிருந்து மிஷனரியாக வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே எத்தனையோ பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டவர், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே இருந்தார். அவருக்காக ஜெபித்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவருக்கா விசுவாசம் குறைவு? பவுல்கூட தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பவுலோடு இருந்த லூக்காவை வேதமே வைத்தியன் என்கிறது. மருந்து சாப்பிடுவதற்கு யாரும் உங்களை வெட்கப்படவைக்க இடம் கொடுக்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் இன்றைக்கும் வாரம் மூன்று நாள் போய்வருகிறார். சுகமாகவில்லை. ஏன் என்று எனக்குப் பதில் கிடைக்கவில்லை, கேட்பதையும் நான் நிறுத்தவில்லை. கேட்கக் கேட்க, கேட்கிறவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. என்னிடம் இருக்கிற விசுவாசம் அவ்வளவுதான்.

"விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்று யாக்கோபு 5:15ஐ இங்கே கீழே யாராவது எழுதுவார்கள் என்று தெரியும். அதற்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், ஜெபிக்க வேண்டியது அவர்கள். நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனை, அதாவது பக்கவாத நோயாளியை, கூரையைப் பிரித்து இறக்கினபோதும் இயேசு "அவர்கள் விசுவாசத்தை"க் கண்டார் என்றுதான் மாற்கு எழுதுகிறார். கட்டிலில் கிடந்தவன் என்ன விசுவாசித்தான் என்று அதில் இல்லை. அதனால் தனியாக உட்கார்ந்து உங்கள் விசுவாசத்தை அளந்துகொண்டிருக்காதீர்கள். சபையில் நீங்கள் நம்புகிற இரண்டு பேரிடம், "என்னால் ஜெபிக்க முடியவில்லை, எனக்காக நீங்கள் ஜெபியுங்கள்" என்று இந்த வாரமே சொல்லுங்கள். காரணம் கேட்டுத் துருவுகிறவராக இருந்தால் அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.