பழைய ஐபிஎம் டிஸ்க்: கேள்வி பதில்

கேள்வி: 3330 பேக் (டிரைவில் மாட்டும் டிஸ்க் அடுக்கு) 100 எம்பி என்கிறார்கள். 80 பைட் கார்டு ரெக்கார்டுகளைப் போட்டால் பாதிகூட ஏறவில்லையே?

பிளாக் பண்ணாமல், அதாவது பல ரெக்கார்டுகளை ஒரே தொகுதியாகச் சேர்க்காமல், எழுதியிருப்பீர்கள். ட்ராக் (டிஸ்க்கில் ஒரு வட்டம்) 13,030 பைட்தான், ஆனால் ஒவ்வொரு பிளாக்கோடும் இடைவெளி, கவுன்ட் (பிளாக்கின் எண்ணும் நீளமும்) என்று 135 பைட் போகும். தனித்தனியாக எழுதினால் ட்ராக்குக்கு 61 ரெக்கார்டு. அதையே 39 சேர்த்து 3,120 பைட் பிளாக்காக்கினால் 156. பிளாக் சைஸைக் கணக்குப் போடாமல் ஜேசிஎல்லில் (ஜாப்புக்கான கட்டளை வரிகளில்) கைவைக்காதீர்கள்.

கேள்வி: டி37 அபெண்ட் (ஜாப் பாதியில் நின்றுபோவது) ஏன்?

முதலில் கேட்ட இடம் தீர்ந்துவிட்டது, செகண்டரி (அது தீர்ந்தால் தரும் கூடுதல் இடம்) நீங்கள் கேட்கவே இல்லை. ஸ்பேஸ் வரியைப் பாருங்கள்.

கேள்வி: கீயை (ரெக்கார்டை அடையாளம் காட்டும் பகுதியை) டிஸ்க்கே தேடட்டும் என்று வடிவமைத்தது மடத்தனம் இல்லையா?

இல்லை. 1964-இல் சிஸ்டம்/360 வந்தபோது மாடல் 30-க்கு மெமரியே 8கே-யிலிருந்து 64கே வரைதான், அதில் இண்டெக்ஸை எங்கே வைப்பது? அதனால் சேனலுக்கான (சிபியுவுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் டேட்டாவைக் கொண்டுபோகும் சாதனம்) புரோகிராமில் சீக், சர்ச் கீ, டிக், ரீட் டேட்டா என்று நாலு கட்டளை எழுதிக் கொடுத்துவிடுவோம். கீ பொருந்தாத வரை டிக் மறுபடி சர்ச்சுக்கே அனுப்பும், பொருந்தினால் டிக்கைத் தாண்டி ரீட் ஓடும், சிபியு அதுவரை வேறு ஜாப்பைப் பார்க்கும். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம்.

கேள்வி: சேனல் கட்டிப்போடப்படுகிறதே, அது பரவாயில்லையா?

அதைக் கேளுங்கள், அதுதான் நியாயமான புகார். 2314-இல் ஒரு சுற்று 25 மில்லிசெகண்ட், சிலிண்டருக்கு (தலையை நகர்த்தாமல் எட்டும் ட்ராக்குகள்) 20 ட்ராக், ஆக ஒரு சிலிண்டர் முழுக்கத் தேடினால் அரை செகண்ட். அவ்வளவு நேரமும் அந்தச் சேனலில் இருக்கும் மற்ற டிரைவ்கள் எல்லாம் சும்மா நிற்கும். விடாக்கையும் (பேக்கில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்) பிடிஎஸ் (பல மெம்பர்களை, அதாவது சிறு கோப்புகளை, வைத்திருக்கும் லைப்ரரி) டைரக்டரியையும் இப்படித்தான் தேடினார்கள். 3330-இல் வந்த செட் செக்டார் கட்டளை, ரெக்கார்டு தலைக்குக் கீழே வரும்வரை சேனலை விட்டுக்கொடுக்கும், ஆனால் கீ தேடலுக்கு அது உதவாது, எந்த இடத்தில் கிடைக்கும் என்றே தெரியாதே!

கேள்வி: அப்படியானால் 3370 டிஸ்க் மாதிரி மாறாத 512 பைட் பிளாக்தானே சரி?

எனக்கும் அதுதான் பிடிக்கும். 1979-இல் வந்தது, விஎம், டாஸ்/விஎஸ்இ ஆபரேட்டிங் சிஸ்டங்கள் எடுத்துக்கொண்டன. எம்விஎஸ் கடைசிவரை தொடவில்லை. இன்றும் அதன் வாரிசான இசட்/ஓஎஸ் பழைய 3390 டிஸ்க்கின் ட்ராக் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறது, அடியில் இருப்பது சாதாரண டிஸ்க்தான்.

கேள்வி: 2314-க்கு பிளாக் சைஸ்?

மறுபடியுமா! முதல் பதிலைப் படியுங்கள். ட்ராக் 7,294 பைட், 80 பைட் ரெக்கார்டுக்கு 7,280.

கேள்வி: டேப்புக்கு?

டேப் ஆட்களைக் கேளுங்கள்.

கேள்வி: பிடிஎஸ் நிறைந்துவிட்டது, பழைய மெம்பர்களை அழித்தும் இடம் வரவில்லை.

வராது. அழித்தால் டைரக்டரியில் பெயர் மட்டும்தான் போகும். ஐஈபிகாப்பி யுடிலிட்டியால் கம்ப்ரெஸ் (அழித்த இடத்தை மீட்பது) பண்ணுங்கள், ஆனால் அதற்கு முன் வேறொரு பேக்கில் காப்பி எடுத்துவிட்டு. அதே இடத்தில் கம்ப்ரெஸ் ஓடும்போது சிஸ்டம் படுத்தால் லைப்ரரி போச்சு. அப்புறம், புதிதாக ஒதுக்கும்போதாவது பிளாக் சைஸைப் பாருங்கள்.