கேளுங்கள், சொல்கிறேன்: கூச்சம் எங்கே போகிறது?

கேள்வி: எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கார அம்மா பாட்டாகவே கூவி விற்கிறார். போன மாதம் ஒரு மஞ்சள் நீராட்டு ஊர்வலத்தில் பம்பைச் சத்தம் கேட்டதும், கூடையை ஓரமாக வைத்துவிட்டு நடுத்தெருவில் ஆடினார். நான் எம்.எஸ்சி. படித்தவள். நாலு பேர் முன்னால் ஒரு வரி பாட முடியவில்லை. அவருக்கு மட்டும் கூச்சம் எங்கே போனது?
- வாசகி, காட்பாடி

பதில்: அவரைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, கேள்வி வந்திருக்கிறது. அதனாலேயே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்துக்கொண்டேன்.

என் தாய்மாமாவைப் பற்றிச் சொல்கிறேன். ஆற்காட்டிலிருந்து செய்யாறு போகும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். மாமா பகலில் கொத்தனார். பங்குனி பிறந்துவிட்டால் ராத்திரியில் கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பாஞ்சாலி வேஷம். மீசையை எடுத்துவிட்டால் ஆடி மாதம் முடியும்வரை வளர்க்க மாட்டார். மீசையைப் பெரிதாக நினைக்கும் ஊரில், அந்த மழித்த முகத்தோடுதான் சாரத்தில் ஏறிச் சித்தாள்களை வேலை வாங்குவார். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாஞ்சாலியின் துகிலை உரியும் கதையான துகில் கூத்து அன்று நாங்கள் பிள்ளைகள் முன்வரிசையில் பாய் போட்டுக்கொள்வோம். மத்தளமும் முகவீணையும் ஏறிக்கொண்டே போகும். மாமா கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு, சபையில் இருக்கிற ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கேள்வி கேட்பார். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தை, அவரோடு குடும்பம் நடத்துகிறவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மறுநாள் காலை மாமா கலவை போட்டுக்கொண்டு நிற்பார். காதுமடலுக்குப் பின்னால் அரிதாரச் சிவப்பு கொஞ்சம் மிச்சமிருக்கும்.

பத்தாவது படிக்கும்போது அவரிடம் கேட்டே விட்டேன், "அத்தனை பேர் முன்னால அழுதீங்களே மாமா, வெக்கமா இல்லையா?" என்று. கரணையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஒரு காது மத்தளத்துல இருக்கணும். பின்பாட்டுக்காரன் எங்க எடுக்கறான்னு பார்க்கணும். புடவையில குத்தின ஊக்கு நிக்குதான்னு பார்க்கணும். லைட்டு வேற சூடா அடிக்கும். இதுல வெக்கப்பட எங்க பாப்பா நேரம்?"

அவர் அன்று சொன்னதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. "இவங்களுக்கெல்லாம் கூச்சமே கிடையாது" என்று, ஏதோ பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவர்கள் போலச் சிலர் பேசுவார்கள். எனக்கு அது பிடிக்காது. மாமா வாத்தியாரிடம் அடவு கற்றது எட்டு வருஷம். உங்கள் கீரைக்கார அம்மாவையும் ஒரு நாள் கவனித்துக் கேளுங்கள். அரைக்கீரை, தண்டுக்கீரை, முருங்கைக்கீரை என்று கடைசி எழுத்தை இழுத்து மேலே தூக்குவார். இரண்டாம் மாடிக்குக் குரல் ஏற வேண்டுமே! தினம் காலையில் எத்தனையோ வீட்டு வாசலில் பாடிப் பாடி வந்த குரல் அது. பம்பையும் அவர் காலுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகியிருக்கும்.

இன்னொரு பாதி, பார்க்கிறவர்களிடம் இருக்கிறது. பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கிறீர்களா? உயரமான தபசு மரத்தில் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழமும் வில்வமும் வீசுவார். கீழே குழந்தை வரம் வேண்டுகிற பெண்கள் மடியேந்திக் காத்திருப்பார்கள். ஏறியிருப்பவர் நேற்றுவரை அவர்களோடு நாற்று நட்டவர், கடன் கேட்டு வந்தவர். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மடி விரிகிறது. "நம்ம பையன்தானே" என்று ஒருவர் சிரித்தால் போதும், அவருக்குக் கால் நடுங்கிவிடும். ஊர் சிரிப்பதில்லை.

நமக்கு அந்த ஊர் கிடைக்கவில்லை. ஏழாம் வகுப்பு ஆண்டுவிழாவில் நான் பாடினேன். இறங்கி வந்ததும் ஓர் ஆசிரியர் என் குரலைப் பற்றி எல்லோர் காதிலும் விழும்படி ஒன்று சொன்னார். அதற்குப் பிறகு அடுக்களையைத் தாண்டி நான் பாடியதில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருக்கலாம்.

அடுத்த முறை பம்பை கேட்டால் ஆட வேண்டாம். கை மட்டும் தட்டுங்கள். தாளம் விடாமல் பத்து நிமிஷம் தட்டிப் பாருங்கள். மாமா சொன்னது உங்கள் கைக்கே புரியும்.

கேள்வி: வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் ஒரு பெரியவர் ஆடியதை வீடியோ எடுத்துப் போட்டேன். அவரைக் கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும் என்கிறான் நண்பன். ஊரே பார்க்கத்தானே ஆடினார்?
- வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் நண்பர் பக்கம்தான் நான். அவர் ஆடியது அம்மனுக்கும், அந்தத் தெருவில் நின்றவர்களுக்கும். அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். உங்கள் போனுக்குள் இருந்து பார்க்கிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு வருஷம் முன்பு எங்கள் ஊரில் பம்பைக்குத் தன்னை மறந்து ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன், எதிரில் போன் வெளிச்சம் விழுந்ததும் சட்டென்று நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அன்று முழுக்க அவன் மறுபடி ஆடவில்லை. பெரியவரைத் தேடிப் போய்க் காட்டுங்கள். அவர் சரி என்றால் இருக்கட்டும், வேண்டாம் என்றால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: விடிய விடியக் கூத்து பார்க்க ஆசை. எங்கே, எப்போது வரலாம்?
- வாசகர், சென்னை

பதில்: பங்குனியிலிருந்து ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. சில ஊர்களில் 10 ராத்திரி, சில ஊர்களில் 18. ஆற்காடு, ஆரணி, செய்யாறு பக்கத்துச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் பிறந்த புரிசை செய்யாற்றுக்குப் பக்கத்தில்தான். 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தபோது அது திருவண்ணாமலையோடு போனது. ஜமாக்கள் இன்றும் இரண்டு பக்கமும் வந்து ஆடுகின்றன. கருமாதி வீடுகளில் கர்ண மோட்சமும் ஆடுவார்கள். அங்கே அழைப்பில்லாமல் போனாலும் ஓரமாக இடம் விடுவார்கள்.

கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியான கட்டியக்காரன் வருவதற்கு முன்பே போய்விடுங்கள். முடிந்தால் வேஷம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று, கட்டை என்கிற மர அணிகளைக் கட்டுவதைக் கொஞ்ச நேரம் பேசாமல் பாருங்கள். விடியற்காலையில் குளிரும். ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.