டிரைவர் இல்லாத ரயில்ல ஆச்சி ஏறலாமா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அடுத்த மாசம் திருச்சியிலேருந்து சிங்கப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போறேன், மொதத் தடவையா ஏரோப்ளேன். அங்க ஏர்போர்ட்டுக்குள்ள டிரைவரே இல்லாம ஒரு ரயில் ஓடுதாம், அதுல ஏறித்தான் வெளிய வரணும்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்துறாக. நம்பி ஏறலாமா? (ஒரு ஆச்சி, தேவகோட்டை)

பதில்: ஆச்சி, மொதல்ல நல்ல சேதி. நீங்க அதுல ஏறவே வேண்டாம். சாங்கிங்கிற சிங்கப்பூர் ஏர்போர்ட்டுல எந்த டெர்மினல்ல இறங்குறீகளோ அங்கேயே இமிக்ரேஷன், அங்கேயே பெட்டி, வெளிய வந்தா மகன் நிப்பாரு. எந்த டெர்மினல்னு மட்டும் அவருகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. ஸ்கைட்ரெய்னுங்கிற அந்த ரயில் ஒரு டெர்மினல்லேருந்து இன்னொண்ணுக்குப் போறவகளுக்கு. 1990லயே மொத ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல ஓட ஆரம்பிச்சிருச்சு, காசு கிடையாது.

ஆனா பயப்படவும் வேண்டாம். முன்னாடி திருச்சி ஜவுளிக்கடையில லிஃப்ட்டுக்குள்ள ஸ்டூல் போட்டு ஒருத்தர் உக்காந்திருப்பாரு, பாத்திருப்பீக. பட்டுப்புடவை எந்த மாடின்னு கேட்டா பதில் சொல்லாம பட்டனை அமுக்குவாரு. ஸ்டூலை எடுத்துட்டு அவரு போன பிறகும் லிஃப்ட் ஏறி இறங்கிக்கிட்டுதான இருக்கு? அந்த லிஃப்டைப் படுக்கப் போட்டா இந்த ரயில், அம்புட்டுத்தான். மொதமொத ஏர்போர்ட்டுல இதைப் போட்டது அமெரிக்காவுல ஃப்ளோரிடா பக்கம் டாம்பாவுல, 1971ல. காரை விட்டு இறங்குனவுக ப்ளேன் வரைக்கும் 700 அடிக்கு மேல நடக்கக் கூடாதுன்னு கணக்குப் போட்டு, வெஸ்டிங்ஹவுஸ்ங்கிற கம்பெனிக்காரகளை வச்சு செஞ்சாக.

ரயில் விடுற அளவுக்கு ஏர்போர்ட்டுல அம்புட்டுப் பெரிய கட்டடம் எதுக்குன்னா, ப்ளேனுக்கு ரெக்கை இருக்கே. ஏ380ங்கிற பெரிய ப்ளேன் ரெக்கை நுனியிலேருந்து நுனி வரைக்கும் கிட்டத்தட்ட 80 மீட்டர், அதுல நாலு பக்கத்துல பக்கத்துல நின்னாலே 320 மீட்டர் ஆச்சு. நம்ம பக்கம் வீடு கட்டுன மாதிரிதான், முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. முகப்புல நின்னு கூப்பிட்டா அடுப்படியில இருக்கிற அப்பத்தாவுக்குக் காது கேக்காது, ஒரு பொடியனை ஓட விடணும். அந்தப் பொடியன்தான் இந்த ரயில்.

ஏறித்தான் பாக்கணும்னு ஆசை வந்துச்சுன்னா பேரனைக் கூட்டிக்கிட்டு இன்னொரு நாள் போங்க. ஜுவல்னு கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒண்ணு கட்டியிருக்காக, 40 மீட்டர் ஒசரத்துலேருந்து உள்ளுக்குள்ளேயே அருவி கொட்டும், ரயில் அதை ஒட்டிப் போகும். எனக்கு அருவியை விட அந்த ரயில்ல மொத ஆளா முன் கண்ணாடிகிட்ட நிக்கிறதுதான் புடிச்சிச்சு, டிரைவர் சீட் இல்லாததால அந்த எடம் நமக்கு.

கேள்வி: அதுக்குத் தண்டவாளமே இல்ல, டயருலதான் ஓடுதுன்னு என் பேரன் சொல்றான். அப்ப அது பஸ்ஸா ரயிலா? (காரைக்குடி வாசகர்)

பதில்: பேரன் சொல்றது சரி. சாங்கியிலயும் அமெரிக்காவுல அட்லாண்டா ஏர்போர்ட்டுலயும் காங்கிரீட் பாதையில ரப்பர் டயரு. ஸ்டியரிங் கிடையாது, பாதையோட போற ஒரு வழிகாட்டிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு சின்னச் சக்கரங்க திருப்பத்துல வண்டியைத் திருப்பிவிடும். கரண்டும் பாதையிலேயே பதிச்ச கம்பியிலேருந்துதான். பாதையைத் துண்டு துண்டாப் பிரிச்சு வச்சிருப்பாக, ஒரு துண்டுல வண்டி நிக்கிறப்ப பின்னாடி வர்ற வண்டியை அதுக்குள்ள விடாது.

பிரேக் சங்கதிதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. நாம பிரேக்குன்னா மிதிச்சாத்தான் பிடிக்கும்னு நெனைப்போம், இதுல எமர்ஜென்சி பிரேக் தலைகீழ். ஸ்பிரிங் எப்பவுமே சக்கரத்தைப் பிடிக்கத் தயாரா இருக்கும், காத்தோ எண்ணெயோ அழுத்தம் குடுத்துத்தான் அதை விலக்கியே வச்சிருப்பாக, அழுத்தம் போச்சுன்னா ஸ்பிரிங் கப்புன்னு பிடிச்சுக்கும். கையை எடுத்தா தானா சாத்திக்கிற கதவு இருக்குல்ல, அந்தக் கணக்கு.

எல்லாமே டயர்னும் இல்ல. இங்கிலாந்துல பர்மிங்காம் ஏர்போர்ட்டுல 1984ல காந்தத்துல மிதக்கிற வண்டியே விட்டாக. ஜப்பான்ல நரிதாவுல 1992லேருந்து 2013 வரைக்கும் காத்து மெத்தை மேல மிதந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்தாக.

கேள்வி: கோலாலம்பூர் ஏரோட்ரெய்ன் வருஷக்கணக்கா நின்னு போச்சுன்னு மச்சான் சொன்னாரு. ஆள் இல்லாம ஓட்டுனா இப்படித்தான் ஆகும்? (புதுவயல் வாசகர்)

பதில்: நின்னது நெசம், காரணம் அது இல்ல. 1998ல ஏர்போர்ட் திறந்தப்ப வந்த வண்டிங்க, மெயின் கட்டடத்துக்கும், தள்ளித் தனியா நிக்கிற சாட்டிலைட் கட்டடத்துக்கும் நடுவுல ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல ஓடிக்கிட்டு இருந்துச்சு. வயசாகி அடிக்கடி மக்கர் பண்ணி, 2023 மார்ச்சுல சனங்க பாதியில இறங்கி பாதையில நடந்து வர்ற நெலமை ஆகவும் மொத்தமா நிப்பாட்டிட்டாக. ரெண்டு வருஷத்துக்கு மேல பஸ்ஸுதான், புது வண்டி 2025 ஜூலை 1ல ஓட ஆரம்பிச்சிச்சு. மேல சொன்ன பர்மிங்காம் மிதக்குற வண்டியும் பார்ட்ஸ் கெடைக்காமத்தான் 1995ல மூடுனாக. ஓட்டுறவர் இல்லாதது பெரிசில்ல மாப்ளே, ரிப்பேர் பாக்குறவரும் பாகம் வாங்குறவரும் இல்லாட்டித்தான் ஆபத்து. பெரிய வீட்டுல ஒரு ஓடு ஒடைஞ்சப்பவே மாத்தாம, ஒழுகி உத்தரம் இத்துப்போன பிறகு ஆசாரியைத் தேடுவோமே, அதே கதை. உங்க மச்சான் எந்த ப்ளேன்ல போறாருன்னும் பாத்துக்கங்க, ஏர்ஏஷியா இறங்குற ரெண்டாவது டெர்மினல்ல இந்த ரயிலே கிடையாது, நீட்டமா ஒரு பாலம், நடை நடைன்னு நடக்கணும்.

கேள்வி: கூட்டத்துல ஒருத்தர் ஏறி ஒருத்தர் ஏறலைன்னா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: இது எங்களுக்கே நடந்துச்சு, எந்த ஏர்போர்ட்னு வேண்டாம். வீட்டுக்காரம்மா ஏறிட்டாக, சீப்புச் சீடையும் மணகோலமும் அடைச்ச டின்னை ட்ராலியிலேருந்து எடுக்கிறதுக்குள்ள டிங்குன்னு மணி அடிச்சு கதவு சாத்திருச்சு. பாஸ்போர்ட் ரெண்டும் அவுக கைப்பையில, நான் டின்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவுக அந்தப் பக்கம் இறங்கி என்னைத் தேடித் திரும்பி வர, நான் அடுத்த வண்டியில அவுகளைத் தேடிப் போக, ரெண்டு தடவை எதிரும் புதிருமா கடந்து கண்ணாடி வழியா கையாட்டிக்கிட்டோம். ஏறாதவுக அடுத்த வண்டியில வரணும், ஏறுனவுக அடுத்த ஸ்டாப்புல இறங்கி அங்கேயே அசையாம நிக்கணும், இதைக் கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கங்க. சாத்துற கதவுல மட்டும் கையோ டின்னோ வைக்காதீக.

கேள்வி: நம்ம நாட்டுல எப்ப? செட்டிநாட்டுக்கு எப்ப? (குறும்புக்கார வாசகர், கானாடுகாத்தான்)

பதில்: டெல்லி ஏர்போர்ட்டுல டெர்மினல்களைச் சேத்து 7.7 கிலோமீட்டருக்கு ஏர் ட்ரெய்ன் போடத் திட்டம் இருக்கு. அதே டெல்லியில மெஜந்தா லைன் மெட்ரோ 2020 டிசம்பர்லேருந்து டிரைவர் இல்லாமத்தான் ஓடுது. செட்டிநாட்டுல ரெண்டாம் உலகப்போர் காலத்து ரன்வே ஒண்ணு கெடக்கு, அதுல மொதல்ல ப்ளேன் இறங்கட்டும், அப்புறம் ரயிலைப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் மினி பஸ்தான் அண்ணே, அதுக்கு டிரைவர் உண்டு, நேரம்தான் கிடையாது.