டாக்டர் ஏன் திரையைப் பார்ப்பதில்லை?

கேள்வி: அம்மாவுக்கு மூன்று வருஷத்துக்கு முன் கண்புரை ஆபரேஷன் ஆனது. இப்போது மறுபடி மங்கல். லென்ஸுக்குப் பின்னால் சவ்வு தடித்திருக்கிறது என்று புதுச்சேரியில் யாக் லேசர் போட்டார்கள். ஐந்தே நிமிஷம்தான். ஆனால் அந்த மெஷினில் பழைய ரேடியோ மாதிரி திருகும் குமிழ்கள், பெரிய பெரிய பட்டன்கள். செல்போனிலேயே தொடுதிரை இருக்கும்போது, லட்சக்கணக்கில் போட்டு வாங்குகிற மெஷினில் ஏன் இல்லை?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கண் லேசர் மெஷின்களைப் பழுதுபார்க்க, பையைத் தூக்கிக்கொண்டு கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் என்று வருஷக்கணக்கில் பஸ் ஏறியவன் நான். அப்புறம் அதே மெஷின்களுக்குத் திரை வடிவமைக்கிற குழுவில் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் இதே கேள்வியை ஒரு டாக்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. "வாப்பா, இங்க உக்காரு" என்று தன் ஸ்டூலைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். இரண்டு கண்ணும் ஸ்லிட் லாம்ப்பின், அதாவது கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் மைக்ராஸ்கோப்பின், ஐபீஸில் போய் ஒட்டிக்கொண்டன. இடது கையில், நோயாளியின் கண்மேல் வைத்துப் பிடிக்கிற குட்டி லென்ஸ். வலது கையில் ஜாய்ஸ்டிக். அறையோ இருட்டு. அம்மாவுக்குப் போட்ட யாக் கதிர் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. அதனால் குறி வைக்க இரண்டு சிவப்புப் புள்ளிகளைக் காட்டுவார்கள். ஜாய்ஸ்டிக்கை முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த இரண்டும் நெருங்கி வந்து எங்கே ஒரே புள்ளியாகிறதோ, அங்கேதான் லேசர் குவியும். சவ்வு, ஆபரேஷனில் கண்ணுக்குள் வைத்த லென்ஸின் முதுகில் ஒட்டினாற்போல இருக்கிறது. குறி ஒரு இம்மி முன்னால் வந்தாலும் அந்த லென்ஸில் குழி விழுந்துவிடும்.

இந்த நிலைமையில் டாக்டருக்குச் சக்தியைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். தொடுதிரை என்றால் ஐபீஸிலிருந்து கண்ணை எடுத்து, திரையைத் தேடி, சரியான கட்டத்தைத் தொட்டு, திரும்பி வந்து மறுபடி குறி பார்க்க வேண்டும். குமிழ் என்றால் கண் அங்கேயே இருக்கும். திருகத் திருக டக், டக் என்று ஒவ்வொரு படியும் விரலுக்குத் தெரியும். நீங்கள் திரும்பிப் பார்க்காமலே அடுப்பைச் சிம்மில் வைக்கிறீர்களே, அதே கதைதான். லேசரைச் சுடுகிற கால் பெடலும் அப்படித்தான். மேலே மூடி இருக்கும், பாதத்தை உள்ளே நுழைத்தால்தான் மிதிக்க முடியும். இருட்டில் யாரும் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே! அது போதாதென்று மெஷினை 'ஸ்டாண்ட்பை'யிலிருந்து 'ரெடி'க்கு மாற்றினால்தான் பெடலுக்கே உயிர் வரும்.

அந்த 'ரெடி'யில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயால் பாதித்த விழித்திரைக்குப் போடுவது பச்சை லேசர், 532 நானோமீட்டர். அந்த மெஷினுக்கு நான் வரைந்த திரையில் ஸ்டாண்ட்பை மஞ்சள், ரெடி கறுப்புத் தரையில் அழகான பச்சை. முதல் நாள் டாக்டர் "ரெடியா?" என்கிறார். "ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியல சார்" என்கிறார் சிஸ்டர். பட்டனை இன்னொரு தரம் அழுத்துகிறார்; அது ஸ்டாண்ட்பைக்குப் போகிறது. மறுபடி அழுத்தினால் ரெடி, மறுபடி கும்மிருட்டு. பெரியவர் ஒருவர் தாடையை மெஷினில் வைத்தபடி பொறுமையாகக் காத்திருக்கிறார். எனக்குக் காரணம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. சிஸ்டர் போட்டிருந்தது ஆரஞ்சுப் பாதுகாப்புக் கண்ணாடி. பச்சைக் கதிரைத் தடுப்பதுதான் அதன் வேலை, என் பச்சை எழுத்தையும் சேர்த்தே தடுத்துவிட்டது. ஏசி அறையில் வரைந்த ஆறு மாதத்தில் அந்தக் கண்ணாடியை ஒரு தரம் மாட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு வெள்ளையில் கறுப்பு எழுத்து, கூடவே ரெடி ஆனதும் ஒரு பீப் என்று மாற்றினோம். டாக்டருக்குப் பிடித்தது பீப்தான். அவர் காது மட்டும்தானே சும்மா இருக்கிறது!

கேள்வி: கண்ணாடி போடுவதைத் தவிர்க்கச் செய்கிற லாசிக் லேசருக்குத் திரை வடிவமைப்பது என் கடைசி வருஷ புராஜெக்ட். டாக்டர் குரலாலேயே இயக்குகிற மாதிரி செய்ய ஆசை. சரிவருமா?
– ஒரு மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: விளக்கைக் கூட்ட, படத்தைப் பெரிதாக்க என்றால் குரல் சரி. எண்களுக்கு வேண்டாம். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டையும் மாஸ்க்குக்குள்ளிருந்து சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் நிற்கிற மனுஷனே தடுமாறுவான். சுடுவதைக் குரலுக்குக் கொடுப்பதை நினைக்கவே நினைக்காதீர்கள்.

லாசிக்கில் ஆபத்து சுடுவதற்கு முன்பே, எண்ணைத் தட்டும்போதே வந்துவிடுகிறது. 193 நானோமீட்டர் எக்ஸைமர் லேசர், 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டயாப்டருக்கு (கண்ணாடி பவரின் அளவு) சுமார் 12 மைக்ரான் கருவிழியைச் சீவும். சீவியது திரும்ப வராது. கருவிழி ஒரு திசையில் மட்டும் அதிகம் வளைந்திருந்தால் அதைத் திருத்துவது சிலிண்டர் பவர்; அதற்கு அச்சு என்று ஒரு கோணம் உண்டு. அதில் 180 அடிக்க வேண்டிய இடத்தில் 18 விழுந்தால், திருத்தத்தில் பாதிக்கு மேல் வீண். 30 டிகிரி விலகினால் முழுக்க வீண்.

இன்னொன்று. கண் டாக்டர்கள் எதிரே உட்கார்ந்து படம் போடுவார்கள், அதில் வலது கண் இடப்பக்கம் வரும். லாசிக்கிலோ டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் உட்காருகிறார். அவருக்கு வலது கண் வலப்பக்கம், மேல் இமை தன் பக்கம். ஆக, உங்கள் திரையில் வரும் கண் படம் யாருடைய இடத்திலிருந்து பார்த்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

'சரியா?' என்று கேட்கும் பெட்டிகளை இஷ்டத்துக்குப் போடாதீர்கள். தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு மெஷின் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவு மீறிக் கதிரைப் பாய்ச்சியது. 1986-ல் டெக்சாஸில் நடந்தபோது திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' என்ற ஒற்றை வரி. இப்படி ஏதாவது வருவதும், 'பி' விசையைத் தட்டினால் வேலை தொடர்வதும் அங்கே தினசரி வழக்கம். ஆபரேட்டரும் பழக்கத்தில் தட்டினார். பெட்டி ஒன்று போதும்: பெயர், எந்தக் கண், எண்கள். அதையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் பெடல் வேலை செய்ய வேண்டும்.

திரை தயாரானதும் அறை விளக்கை அணைத்துவிட்டு ஆறடி தள்ளி நின்று படியுங்கள். அச்சுக் கோணத்தை 18 என்று காட்டாமல் 018 என்று மூன்று இலக்கமாகக் காட்டுங்கள்.