கதைகளில் வருகிறவர்கள் போல நாமும் கனவைத் துரத்திப் போக முடியுமா?

கேள்வி கேட்டவருக்கு வயது இருபத்து மூன்று. வீட்டில் அரசாங்க உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போடச் சொல்கிறார்கள், தனக்கோ நாடகம்தான் எல்லாம் என்று எழுதியிருக்கிறார். ‘கதைகளில் எல்லாரும் துணிந்து இறங்குகிறார்களே, நான் மட்டும் ஏன் பயந்து சாகிறேன்?’ என்பது அவருடைய கடைசி வரி. அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மட்டக்களப்பு, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம். ஒரு அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். பதினைந்து வயதில் என் கனவு, எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்து வகையான வடமோடிக் கூத்தில் அபிமன்யுவாக ஆடுவது. சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் அது சினிமாவில் கதாநாயகனாவதைவிடப் பெரிது.

அது 2003. யுத்த நிறுத்தக் காலம். இரவில் மத்தளச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியிருந்தது. அறுவடை முடிந்ததும் நல்ல நாள் பார்த்து, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சட்டம் கொடுத்தார். சட்டம் என்றால், ஆடப்போகிறவரின் பாட்டும் வசனமும் எழுதிய தாள். எனக்கும் ஒன்று கிடைத்தது. மூன்றாம் நாள் அப்பா அதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். டிசம்பரில் எனக்கு ஓ.எல், பதினோராம் ஆண்டு முடிவில் எழுதுகிற பொதுப் பரீட்சை.

“கூத்து எங்கையும் போகாது மனே. சோதினை போயிரும்” என்றார்.

அண்ணாவியார் இரக்கப்பட்டு எனக்கு ஒரு வேலை தந்தார். பெரிய வேசக்காரர்கள் கூத்தாடுகிற இடமான களரிக்கு வரும்போது இரண்டு பேர் முன்னால் வெள்ளைத் துணியைப் பிடித்து மறைத்துக்கொண்டு வருவார்கள். அந்தத் துணியின் ஒரு முனை என் கையில். அரங்கேற்ற இரவில், நான் ஆடியிருக்க வேண்டிய அபிமன்யு, என்னைவிட இரண்டு வயது மூத்தவன், துணிக்குப் பின்னால் நின்றான். கிரீடம் வைத்து உடுப்பெல்லாம் இழுத்துக் கட்டியாயிற்று. முகத்துப் பூச்சு வியர்வையில் கோடு கோடாக வழிகிறது. சதங்கை தானாகவே சிணுங்குகிறது, அவன் ஆடவில்லை, கால் நடுங்குகிறது. என் காதுக்குள் சொன்னான்: “டேய், ஒண்டுக்கு வருகுதுடா.” அதற்குள் மத்தளம் விழுந்துவிட்டது. துணியை இறக்கினோம். சுற்றி இருந்த சனம் பார்த்தது அர்ச்சுனன் மகனை. முன்வரிசையில் பாய் விரித்திருந்த ஒரு வயதான பெத்தா கையெடுத்துக் கும்பிட்டா.

கதையில் வருகிறவர்களுக்குப் பயமில்லை என்று யார் சொன்னது? துணியை இறக்கிய பிறகுதானே நமக்குக் காட்டுகிறார்கள்.

அந்த இரவு இரண்டு மணி இருக்கும், அப்பா வந்தார். கையில் பிளேன்ரீ. என் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். விடிந்து கூத்து முடியும்வரை போகவில்லை. இளவயதில் அவரும் தருமருக்கு ஆடியவர்தான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கம் இலட்சியம் என்று பேச்செடுத்தால் உடனே துறவியும் தமிழறிஞருமான விபுலாநந்த அடிகளுக்குப் போய்விடுவார்கள். 1892இல் காரைதீவில் பிறந்தார், பதினான்கு வருஷம் பழந்தமிழ் யாழை ஆராய்ந்தார், 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் ‘யாழ் நூல்’ என்ற தன் ஆராய்ச்சி நூலை அரங்கேற்றினார், அடுத்த மாதம் 19ஆம் தேதி கண்மூடினார். பள்ளிக்கூட மேடையில் இப்படிக் கேட்டால் கூத்துக்கதை மாதிரியே இருக்கும். வந்த வேலை முடிந்தது, போய்விட்டார்.

ஆனால் அந்தப் பதினான்கு வருஷமும் அவர் யாழோடு மட்டும் குந்தியிருக்கவில்லை. ராமகிருஷ்ண மிஷன் பள்ளிக்கூடங்களைப் பார்த்தார். இமயமலையில் மாயாவதிக்குப் போய் ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பள்ளிக்கூட நிர்வாகம், இதழ் வேலை, விரிவுரை எல்லாவற்றுக்கும் இடையில்தான் யாழ். இன்னொன்று, அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்க அந்தப் படிப்புத்தான் கைகொடுத்தது. சோதினைக்குப் படித்த நாட்களில் அது யாழுக்கு உதவும் என்று அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. கதைக்கு அந்தக் கடைசி இரண்டு மாதம் போதும். எனக்கு நடுவில் கிடக்கிற வருஷங்கள்தான் பிடிக்கும்.

சரி, இனி யாரும் மேடையில் சொல்லாத ஒன்று. 2007 மார்ச்சில் படுவான்கரைச் சனம் ஷெல் அடிக்குத் தப்பி வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடியது. ஆளுக்கொரு உரப்பை. எங்கள் அண்ணாவியார் தோளில் மத்தளம், கையில் ஒரு ஷொப்பிங் பையில் கூத்துக் கொப்பி. பின்னால் அவருடைய பெண்சாதி, தலையில் அரிசி, இடுப்பில் பேரப்பிள்ளை. துறையடி வரை ஒரே ஏச்சு. “மத்தளத்தையா மனிசன் அவிச்சுத் தின்னப்போற?” அவர் வாய் திறக்கவேயில்லை. முகாமில் முதல் நாலைந்து நாள் அந்த அரிசியில்தான் அவரும் சாப்பிட்டார். ஊர் திரும்பியபின் அந்தக் கொப்பியை வைத்துத்தான் மறுபடி கூத்துப் பழக்கினார், அதுவும் உண்மை. பிறகு ஒரு விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவ கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

‘எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கனவின் பின்னால் போ’ என்று வீடியோ போடுகிற தம்பிமாரிடம் எனக்கு ஒரே கேள்விதான்: அரிசி யாருடைய தலையில்?

அதற்காக, என்னைப் பார்த்து நடவுங்கள் என்றும் சொல்லமாட்டேன். ஓ.எல் செய்தேன், அதற்கு அடுத்த ஏ.எல் செய்தேன், போட்டிப் பரீட்சை எழுதி உத்தியோகம் எடுத்தேன். ஒன்றையும் இழக்கவில்லை என்றால் அது பொய். இருபத்தெட்டு வயதில் களரிக்குப் போய் நின்றபோது தாளக்கட்டு வாயில் ஓடியது, காலில் இறங்கவில்லை. இரண்டு கிழமை பார்த்துவிட்டு அண்ணாவியார், “நீ பிற்பாட்டுக்கு வா மனே” என்றார். ஒன்பது பத்து வருஷமாகப் பிற்பாட்டுத்தான். களரி நடுவில் மத்தளத்துக்குப் பக்கத்தில் நின்று, ஆடுகிறவன் பாடியதைத் திருப்பிப் பாடுவது. பிடித்திருக்கிறது. ஆனால் அபிமன்யு வரவு பாடும்போது இப்போதும் தொண்டை கொஞ்சம் அடைக்கும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: விண்ணப்பத்தைப் போடுங்கள், ஆனால் நாடகத்தைப் பென்ஷனுக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள். கவிதை, கதை என்றால் நாற்பதிலும் தொடங்கலாம். உடம்பால் செய்கிற கலை அத்தனை நாள் காத்திருக்காது. அப்புறம், எங்கள் நாட்டில் நாடகமும் அரங்கியலும் ஒரு பள்ளிக்கூடப் பாடம். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் போன்ற இடங்களில் படித்துவிட்டு, காலையில் அதைக் கற்பித்து மாலையில் ஒத்திகைக்கு ஓடுகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். வீட்டில் கேட்கிற அரசாங்க வேலையும் அதுதான், நீங்கள் கேட்கிற நாடகமும் அதுதான். அந்த வாசல் உங்களுக்கு ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள்.

இவ்வளவும் எழுதுகிறேனே, என் வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். முன்பு பெண் வேசத்தையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். இப்போது எங்கள் ஊரிலும் பெண்பிள்ளைகளை ஆட விடுகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை சட்டம் கொடுக்கிறார்கள். மகளுக்குப் பத்து வயது, ஆகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சை. ரியூசன் கிழமைக்கு நாலு நாள். கண்ணன் வேசம் தனக்குத்தான் என்று அவளே முடிவு செய்து, பழைய துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு முற்றத்தில் துள்ளிக்கொண்டு திரிகிறாள். நேற்று இரவு வந்து கேட்டாள். அப்பாவின் அந்த வசனம் என் வாய் நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். இன்றைக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.